சுருட்டுப்பெட்டிக் கிற்றாருக்கு ஒரு தோள்பட்டி: புறக்கோட்டைக் கைவேலை பற்றிய மதிப்புரை

கொழும்புப் புறக்கோட்டையில் பயணப் பைகளைத் திருத்தியும் இடுப்புப் பட்டிகள், கைப்பைகள் தைத்தும் கொடுக்கும் சிறிய கடையொன்றில், வெற்றுச் சுருட்டுப் பெட்டியை உடலாகவும் ஒரு நீண்ட கட்டையைக் கழுத்தாகவும் வைத்து வீட்டில் செய்த என் மூன்று தந்திச் சுருட்டுப்பெட்டிக் கிற்றாருக்கென அளவெடுத்துச் செய்வித்த தோல் தோள்பட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. தோல், பித்தளைக் கொளுக்கி, தைகூலி எல்லாம் சேர்த்து 3,500 ரூபா ஆயிற்று. இசைக்கருவிக் கடைகளில் தொங்கும் நைலோன் பட்டிகளோடு பார்த்தால் இது கூடிய விலைதான். ஆயினும் அந்தப் பட்டிகளால் தீராத குறை இதனால் தீர்ந்தது.

சாதாரண கிற்றாரின் உடல் பெரிதாகவும் பாரமாகவும் இருப்பதால் கழுத்தின் பாரத்தை அது ஈடுசெய்துவிடும். சுருட்டுப் பெட்டியோ மெல்லிய மரத்தாலான வெற்றுக் கூடு. அதனூடாகச் செல்லும் கழுத்துக்கட்டை, என்னுடையதைப்போலத் தேக்காக இருந்தால், பெட்டியைவிடப் பாரமாகிவிடும். நுனியில், தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டும் மூன்று டியூனிங் கீகளும் சேரும்போது தலைப்பக்கம் நிலத்தை நோக்கிச் சரியத் தொடங்கும். கருவியை ஒரு விரலின்மேல் நிறுத்திப் பார்த்தால் காரணம் விளங்கும். என் கிற்றாரின் தந்தி நீளம் 25 அங்குலம். அது சமநிலையில் நிற்கும் இடம் பெட்டிக்கு வெளியே, கழுத்தில், ஏறத்தாழ 14ஆவது ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) ஒட்டி இருக்கிறது. பட்டியின் இரு முனைகளும் இந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் அமைந்தால்தான் கருவி தோளில் நேராகத் தொங்கும். இரண்டையும் பெட்டியிலேயே திருகிவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பட்டியாலும் பயனில்லை.

இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு வாசித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். விரலால் தந்தியை அழுத்தி வாசிப்பவர் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் இந்தக் கருவியின் அழகே ஸ்லைட் வாசிப்பில்தான் இருக்கிறது. ஜி, டி, ஜி என்று சுருதி கூட்டிய மூன்று தந்திகளின்மேல், கோட்டுவாத்தியத்தில் கட்டையை இழைப்பதுபோல, கண்ணாடிக் குழாயைத் தொட்டும் தொடாமலும் இழைக்க வேண்டும். கழுத்தின் பாரம் அதே கையில் இறங்கினால் குழாய் தந்தியை அழுத்தி ஃபிரெட்டில் மோதும். சுரம் வருமுன் கடகட என்ற ஓசைதான் வரும். கோட்டுவாத்தியம் தரையில் கிடத்தி வாசிக்கப்படுவதால் அதன் கலைஞர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பட்டி செய்விப்பதற்கு முன்னர் மற்ற வழிகளையும் பார்த்தேன். பாரமான டியூனிங் கீகளைக் கழற்றிவிட்டுத் பற்சக்கரம் மூடப்படாத இலேசான கீகளைப் பூட்டியதில் சமநிலைப் புள்ளி ஓர் அங்குலம் அளவுக்குப் பெட்டியை நோக்கி நகர்ந்தது. அது நல்ல மாற்றமே, ஆனால் போதாது. பெட்டியின் வால்பக்கத்தில் இரும்பு வைத்தால் சரியாகும் என்பதும் பலர் சொல்லும் யோசனை. அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்தப் புள்ளியைப் பெட்டியின் விளிம்புக்குக் கொண்டுவரவே சுமார் 400 கிராம் தேவைப்பட்டது. 800 கிராம் அளவேயுள்ள கருவியில் அதன் பாதியை மேலும் ஏற்றுவது எனக்குப் புத்தியாகப் படவில்லை.

கடைக்காரர் இசைக்கருவிகளோடு பழகியவர் அல்லர். கிற்றாரை என் தோளில் ஒரு கயிற்றால் தொங்கவிட்டு, "தம்பி, கைய எடுங்க, பாப்பம்" என்றார். தலை சரிந்த திசையைப் பார்த்தவுடன், முன்முனையைக் கழுத்தின் நுனிக்கே கொண்டுபோக வேண்டும் என்று அவராகவே சொல்லிவிட்டார். தந்திகள் ஏறி அமரும் நட்டுக்கு அப்பால், தந்திகளுக்கு அடியால் ஒரு மெல்லிய தோல் நாடா சுற்றி வந்து முடிச்சாகிறது; பின்முனை வால்பக்கத்துப் பட்டனில் மாட்டுகிறது. பட்டியின் அகலம் இரண்டு அங்குலம். தோளில் படும் பக்கத்தில் தோலின் சொரசொரப்பான உட்புறத்தை வெளியே காட்டித் தைத்திருப்பதால், சட்டையின்மேல் அது வழுக்குவதில்லை. ஓரத் தையல் ஒரே சீராக, இரட்டை நூலில் ஓடுகிறது. பட்டன் மாட்டும் துளையின் முனையில் சிறு வட்டம் குத்தி, அதிலிருந்து கீறல் போட்டிருக்கிறார். கீறல் மேலும் கிழியாமல் இருப்பதற்கான இந்தச் சிறு வேலையைக் கடையில் விற்கும் சில பட்டிகளில்கூடக் காண முடியாது.

குறைகளும் உண்டு. கொழும்பு வெக்கையில் வியர்த்தபோது தோலின் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. இருண்ட நிறத்தைத் தவிர்த்து, சாயமிடாத தோலைக் கேட்டு வாங்குவது நல்லது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கொளுக்கி பெட்டியின் பின்புறத்தில் உரசிக் கீறல் போடுகிறது. முடிச்சு நட்டுக்கு அருகில் இருப்பதால் முதல் இரண்டு ஃபிரெட்டுகளில் கை சற்றே இடிபடும். ஸ்லைட் வாசிப்பவருக்கு இது பெரிய விடயமல்ல. அந்த இடத்தில் கோர்ட்டுகளை (பல சுரங்களை ஒருசேர) பிடித்துப் பாட்டுக்கு வாசிப்பவருக்கு எரிச்சலாக இருக்கலாம்.

உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தப் பட்டி பாதி உதவிதான் செய்யும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், கையில் கிடைத்த பெட்டியையும் கட்டையையும் வைத்து எளியவர்கள் செய்துகொண்ட கருவி இது; தொடையில் பதிந்து உட்கார்வதற்கான இடுப்பு வளைவு இதற்கு இல்லை. (நம் யாழ்ப்பாணச் சுருட்டு கட்டாகவே கடைக்கு வருவதால் பெட்டிக்கு நாம் வெளிநாட்டுச் சுருட்டுக்காரரைத்தான் நாட வேண்டியிருக்கிறது.) அலுமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத இறப்பர் விரிப்பில் ஒரு துண்டைத் தொடையில் போட்டு, இடது காலைச் சிறு பலகையில் உயர்த்தி, பெட்டியை அந்தத் தொடையில் வைத்தால் கழுத்து தானாகவே மேல்நோக்கி நிற்கும். வலது முன்கையை அறுக்கும் விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடலாம். அங்கே தோல் திண்டு ஒட்டுவதானால் பெட்டியின் பக்கப் பலகையில் மட்டும் ஒட்ட வேண்டும். ஒலியைத் தருவதே மூடிதான் என்பதால் அதில் எதை ஒட்டினாலும் நாதம் மங்கும்.

இந்தக் கடைக்காரரையோ அவரைப்போன்ற வேறொருவரையோ நாடுபவர்கள் கருவியையும் கட்டாயம் கொண்டுசெல்ல வேண்டும்; அளவை எழுதிக் கொடுத்தால் வராது. வால்பக்கத்துப் பட்டனை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போவது நல்லது. அதைப் பெட்டியின் மெல்லிய பலகையில் திருகினால் பிடுங்கிக்கொண்டு வரும் என்பதால், ஊடே வரும் கழுத்துக்கட்டையின் வால்முனையிலேயே, சிறிய துளையிட்ட பின் திருக வேண்டும்.