வீட்டுக் கணினிக்கு டிபெண்டரே போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால், அதோடு கூடவே வரும் மைக்ரோசாப்ட் டிபெண்டர் என்ற ஆன்டிவைரஸை ஒழுங்காக அமைத்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது மால்வேர்பைட்ஸ் என்ற தேடும் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு ஸ்கேன் ஓட்டினால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும். வருடா வருடம் பணம் கட்டி ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் டிபெண்டரின் அமைப்புகளை பலரும் திறந்துகூடப் பார்த்ததில்லை, சில வீடுகளில் யாரோ அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள், அந்த வீடுகளுக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் புரோகிராம், என்றதும் நிறைய பேருக்கு இன்னும் 2003, 2004 காலத்து ஞாபகம்தான் வருகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருக்கும், கேட்காத டூல்பார்கள் வரிசையாக நிற்கும், மூட மூட விளம்பரம் முளைக்கும். கேட்டர், கூல்வெப்சர்ச் எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். பெரிய தொல்லைதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்றைக்கு வருபவை சத்தமே போடுவதில்லை. ரெட்லைன், லும்மா மாதிரியான இன்ஃபோஸ்டீலர்கள் உள்ளே நுழைந்ததும் பிரௌசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, கார்டு விவரம், கிரிப்டோ வாலட், அப்புறம் லாகின் குக்கீகள் என்று எல்லாவற்றையும் அள்ளி வெளியே அனுப்பிவிடும். சில நிமிட வேலை. வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வகைகளும் உண்டு, அதனால் மறுநாள் ஸ்கேன் ஓட்டினால் ஒன்றுமில்லை என்றே வரலாம். இதில் மிகவும் ஆபத்து குக்கீதான். நீங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு உள்ளே போய்விட்டீர்கள் என்பதற்கான அடையாளம் அது. அது இன்னொருவன் கைக்குப் போனால், ஓடிபி கேட்காமலே உங்கள் கணக்கு அவனுக்குத் திறந்துவிடலாம். 2025 மே மாதம் மைக்ரோசாப்டும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து லும்மாவின் கட்டமைப்பை முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாப்ட் சொன்னது.

ஆகவே, வந்த பிறகு தேடிப் பிடிப்பதைவிட வரும்போதே தடுப்பதுதான் இப்போது முக்கியம். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

டிபெண்டர் பிறந்ததே ஸ்பைவேரை விரட்டத்தான். 2004 டிசம்பரில் ஜயண்ட் கம்பெனி சாப்ட்வேர் என்ற நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது, அவர்களுடைய ஆன்டிஸ்பைவேர்தான் பின்னால் டிபெண்டர் ஆனது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அது முழு ஆன்டிவைரஸாக வளர்ந்தது. அந்த நாளில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக் கூடங்களில் மைக்ரோசாப்டின் பாதுகாப்பு மென்பொருளுக்கு மதிப்பெண் மோசமாக இருந்தது உண்மை. "டிபெண்டரா, அது எதையும் பிடிக்காதே" என்று இன்றும் கடைகளில் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சின் மிச்சம். சில வருடங்களாக ஏவி-டெஸ்டிலும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸிலும் அது பணம் கட்டி வாங்குபவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும்? ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷனுக்குள் போய், மேனேஜ் செட்டிங்ஸை அழுத்துங்கள். ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன், கிளவுட் ப்ரொடெக்‌ஷன், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். டேம்பர் ப்ரொடெக்‌ஷன் இருந்தால்தான் வேறு ஒரு புரோகிராம் உங்களுக்குத் தெரியாமல் டிபெண்டரை அணைக்க முடியாது. பிறகு அதே பக்கத்தின் கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அங்கே எந்த ஃபோல்டர் எழுதியிருக்கிறதோ அதை டிபெண்டர் எட்டிக்கூடப் பார்க்காது. எங்கள் உறவினர் ஒருவரின் கணினி கடையில் சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு திறந்து பார்த்தால், அந்தப் பட்டியலில் சி டிரைவ் முழுவதுமே இருந்தது. மேலே பச்சை டிக், எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற வாசகம், உள்ளே காவல் சுத்தமாக இல்லை. கிராக், அதாவது காசு கட்டாமல் மென்பொருளை ஓட வைக்கும் திருட்டு புரோகிராம், ஓடுவதற்காக இப்படிச் செய்துவிட்டு, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கணினியைக் கொடுத்தனுப்புவது பெரிய அநியாயம். வீட்டுக் கணினி என்றால் அந்தப் பட்டியல் காலியாக இருப்பதே நல்லது.

ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் என்ற பகுதியில், தேவையற்ற புரோகிராம்களைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், கூப்பன் புரோகிராம் வகையறாவை இதுதான் தடுக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து இது தானாகவே ஆனில் வருகிறது, பழைய கணினியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளத் தெரிந்தவையும் மாட்டும். கால் மணி நேரம் ஆகும், அதனால் திறந்து வைத்த வேலையை முதலில் சேமித்துவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. டிபெண்டர் கிளவுடை, அதாவது இணையத்தில் இருக்கும் மைக்ரோசாப்டின் சர்வர்களை, ரொம்பவே நம்பியிருக்கிறது, இணையம் இல்லாத நேரத்தில் அதன் பிடிக்கும் திறன் மற்றவற்றைவிடக் குறைவு. போன் ஹாட்ஸ்பாட்டில் எப்போதாவது இணையம் வரும் வீட்டில், பென் டிரைவ் மட்டும் தினமும் வந்து போகிறது என்றால், இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட கணினியில் ஃபுல் ஸ்கேன் ஓடினால் மற்ற எல்லா வேலையும் தவழ ஆரம்பித்துவிடும், டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்று மேலே நிற்பது இதுதான். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்குக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெரிதும் போய்விடும், ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த பணத்தை அதற்குச் செலவிடலாம். இன்னொன்று, தளங்களைப் பற்றி எச்சரிக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் பிரௌசரில்தான் முழுமையாக வேலை செய்கிறது. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கூகுளின் சேஃப் பிரௌசிங் அந்த இடத்தில் இருக்கிறது, அதை அணைத்து வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபெண்டருக்கான வைரஸ் அடையாள அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும், ஆனால் விண்டோஸில் இருக்கும் ஓட்டைகளை அது அடைக்காது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்வது அல்லது 11-க்கு மாறுவது, இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

அடுத்து மால்வேர்பைட்ஸ். இதன் இலவசப் பதிப்பு காவல் காக்காது, நாம் சொல்லும்போது மட்டும் தேடும். ஆட்வேர் (விளம்பரம் திணிப்பவை), பிரௌசர் ஹைஜாக்கர் (முகப்புப் பக்கத்தை மாற்றுபவை) மாதிரியானவற்றைக் கண்டுபிடிப்பதில் கெட்டி, டிபெண்டர் லேசாக விட்டுவிடுவதையும் இது பிடித்து நான் பார்த்திருக்கிறேன். போட்டவுடன் 14 நாள் பிரீமியம் டிரையல் தொடங்கும், அந்த நாட்களில் டிபெண்டர் ஒதுங்கிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் எப்போதும் பதிவுசெய் என்பது போன்ற அமைப்பை அணைத்தால் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். பிரீமியம் வாங்கச் சொல்லி அடிக்கடி எட்டிப் பார்ப்பது எரிச்சல்தான். அதுகூட வேண்டாம் என்றால் அதே நிறுவனத்தின் அட்வ்கிளீனர் இருக்கிறது. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், ஒரே ஃபைல், ஓட்டிவிட்டு அழித்துவிடலாம். பிரௌசரில் மட்டும் தொல்லை என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

பணம் கட்டி வாங்குபவை பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஆன்டிவைரஸ் என்பது உங்கள் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதியோடு உட்கார்ந்திருக்கும் புரோகிராம். திறக்கும் ஒவ்வொரு ஃபைலும் அதன் கண்ணில் படும், சிலவற்றில் போகும் ஒவ்வொரு தளமும் படும். வீட்டுக்குக் காவல் வைத்த ஆளிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி. அவாஸ்ட் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு விற்றிருக்கிறார்கள், 2014-ல் தொடங்கி 2020 வரை. பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்த பிறகுதான் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது, விளம்பரத்துக்காக இப்படித் தகவல் விற்கவும் தடை போட்டது. ஸ்பைவேரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வந்த புரோகிராம் செய்த வேலை இது, எனக்கு இன்னும் ஆறவில்லை. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாப்டும் தகவல் சேகரிக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் போட்ட அன்றே அவர்களை உள்ளே விட்டாயிற்று, இன்னொரு நிறுவனத்தையும் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே கே7 இருக்கிறது. 1991-ல் தொடங்கிய சென்னை நிறுவனம், ஜப்பானில்கூட அதற்குப் பெரிய சந்தை உண்டு. புனேயின் குவிக் ஹீலும் எல்லாக் கணினிக் கடையிலும் டப்பாவில் கிடைக்கும். இணையம் அரைகுறையாக வரும் இடத்துக்கு இந்த மாதிரி ஒன்று நியாயமான செலவு. ஆனால் ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் காவல் காத்தால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கணினிதான் படுத்துவிடும்.

எந்த மென்பொருள் வைத்தாலும் நாமே கதவைத் திறந்துவிட்டால் அது தடுமாறும். விண்டோஸையும் ஆபீஸையும் லைசென்ஸ் வாங்காமல் ஓட்டப் போடும் ஆக்டிவேட்டர்கள்தான் இதில் முதல் குற்றவாளி. "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்று குறிப்பே போட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு உள்ளே என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2021-ல் கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் வந்த போலி இன்ஸ்டாலரில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு புரோகிராம் இருந்தது அம்பலமானது. எழுத்து வேலைதான் தேவை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் நன்றாக வருகிறது. இன்னொன்று, நான் ரோபோ இல்லை என்று உறுதி செய்யச் சொல்லும் போலிப் பக்கம். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படம் போட்டுச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட வைக்கும் தந்திரம் அது, லும்மா பரவியதில் இதற்கும் பங்கு உண்டு. உண்மையான சோதனை எதுவும் அந்த மூன்று பட்டன்களை அழுத்தச் சொல்லாது. வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோருக்கும் இதைக் காட்டிச் சொல்லி வையுங்கள். முடிந்தால் அவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள், அதற்கும் காசு கிடையாது.

விளம்பரத் தடுப்பானையும் நான் பாதுகாப்பு மென்பொருளாகத்தான் பார்க்கிறேன். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரமே போலி டவுன்லோடு பக்கமாக இருப்பது சகஜமாகிவிட்டது, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தச் சொன்னது. ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழுதாக ஓடுகிறது, குரோமில் லைட் பதிப்புதான் கிடைக்கும். மற்ற எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரௌசரில் சேர்க்கும் துணைப் புரோகிராம்களை, எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் பல வருடம் நல்ல பெயரோடு இருந்தது, 2020-ல் வேறு கைக்கு விற்கப்பட்டது, 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் இருப்பதாகச் சொல்லி கூகுள் அகற்றியது.

ஏற்கெனவே மாட்டிவிட்டதாகத் தோன்றினால், ஸ்கேன் ஓட்டும் முன் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு ஒரு சுத்தமான போனிலோ கணினியிலோ முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கூடவே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதையும் கொடுங்கள், அப்போதுதான் திருடிய குக்கீ செல்லாமல் போகும். பிறகு வங்கி, மற்றவை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பாஸ்வேர்டு திருடும் வகை வந்துபோயிருக்கிறது என்று உறுதியானால் ஸ்கேனை மட்டும் நம்பாமல், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் குரோமில் சிங்க்கை உடனே ஆன் செய்யாதீர்கள், பழைய கெட்ட எக்ஸ்டென்ஷன் அது வழியாகவே திரும்பி வந்துவிடும்.