உப்புக்காற்று வீட்டில் துப்பாக்கிப் பெட்டகம்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில், கடலைப் பார்த்த இரண்டாம் மாடி வீட்டில், இரண்டே அறைகளுக்குள் உரிமம் பெற்ற ரைபிளை வைத்துக்கொள்வதற்காக மதுரையில் 14,000 ரூபாய்க்கு வாங்கிய இரும்புப் பெட்டகத்தை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். நாலரை அடி உயரமும் ஓரடி அகலமும் கொண்டதால், பீரோவுக்கும் சுவருக்கும் இடையே அடங்கிவிடுகிறது. பின்தகட்டின் நான்கு துளைகள் வழியே கான்கிரீட் தூணில் போல்ட் போட்டு இறுக்கியபின் அசையவில்லை. ஹாலோ பிளாக் சுவரை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பிடிப்பு கிடைத்திருக்காது. பெட்டகத்துக்குள்ளேயே தோட்டாக்களுக்கு வேறு சாவியுடன் தனிச் சிற்றறை இருப்பதையே, விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில், இதன் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

குறை பூச்சில்தான். ஆறு மாதத்திலேயே கீல்களில் துரு பூத்தது. கேட்டதற்கு, கடலோரம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். உட்புறம் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சோ ஈரத்தைப் பிடித்துவைத்து, குழலில் விரல் நீளத்துக்குச் செம்புள்ளிகளை உண்டாக்கியது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவற்றிலுள்ள நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறும்போதெல்லாம் புதிதாக மாற்றுகிறேன். வாரம் ஒருமுறை, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். பூட்டுக்காக வாங்கலாம், பூச்சுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.