சபை வேலையைப் பங்கிட வாட்ஸ்அப் குழு: எதற்கு ஆகும், எங்கே கைவிடும்

தகவல் சொல்ல வாட்ஸ்அப் குழு அருமையான கருவி. பொறுப்பை ஒப்படைக்க அதை மட்டுமே நம்பினால், வினை ஞாயிறு காலையில் தெரியும்.

"திருவிருந்துக்கு யாராவது ஆயத்தம் பண்ணுங்க, ப்ளீஸ்" என்று 80 பேர் உள்ள குழுவில் போட்டுப் பாருங்கள். பத்து 'ஆமென்' வரும், நாலு கைகூப்பும் பொம்மைகள் வரும். அந்தக் கைகூப்பலுக்கு 'நான் செய்கிறேன்' என்று அர்த்தமா, 'ஜெபிக்கிறேன்' என்று அர்த்தமா? போட்டவருக்கே தெரியாது. 'யாராவது' என்பவர் எந்தச் சபையிலும் அங்கத்தினர் இல்லை.

நீலக் குறியும் இங்கே ஏமாற்றும். குழுவில் எல்லாரும் வாசித்த பிறகுதான் அது நீலமாகும். செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யார் வாசித்தார்கள் என்று தெரியும். தனி அரட்டையில் நீலக் குறியை அணைத்து வைத்தவர்கள்கூட குழுவில் தப்ப முடியாது. ஆனால் அது வாசித்ததற்குத்தான் சாட்சி, ஏற்றுக்கொண்டதற்கு அல்ல.

தெளிவான கட்டளைக்கு அளவுகோல் வேண்டுமென்றால், இயேசு இரண்டு சீஷர்களை அனுப்பும் லூக்கா 19:30-31 போதும். எங்கே போக வேண்டும்: எதிரே இருக்கிற கிராமம். எதைத் தேட வேண்டும்: ஒருவரும் ஏறாத, கட்டியிருக்கிற கழுதைக்குட்டி. என்ன செய்ய வேண்டும்: அவிழ்த்துக் கொண்டுவர வேண்டும். தடுத்துக் கேட்டால் என்ன சொல்வது: ஆண்டவருக்கு வேண்டும். 33-ம் வசனத்தில் உடையவர்கள் கேட்கவே செய்கிறார்கள். சீஷர்களிடம் பதில் தயாராக இருந்தது. நம் செய்திகளில் வழக்கமாக விடுபடுவது இந்த நான்காவதுதான். சாவி கேட்டுப் போனவரிடம் மூப்பர் "யார் சொன்னது?" என்பார், போனவர் வெறுங்கையோடு திரும்புவார்.

அதே திருவிருந்து வேலையை இப்படி எழுதலாம்:

"அண்ணா, வரும் ஞாயிறு திருவிருந்து ஆயத்தத்தை நீங்க எடுத்துக்க முடியுமா? 120 பேருக்கு. அப்பமும் திராட்சரசமும் சனி மாலை 6 மணிக்குள்ள சபை அறைக்கு வந்துடணும். ஆராதனைக்கு அரை மணி முன்னாடி மேசை தயாரா, மூடி இருக்கணும். சாவி மூப்பர்கிட்ட இருக்கு, அவர்கிட்ட பேசிட்டேன். பில்லைப் பொருளாளர்கிட்ட குடுத்துடுங்க. இடையில தடை வந்தா வெள்ளிக்குள்ள சொல்லுங்க, அப்பதான் வேற ஆள் பார்க்க முடியும். முடியும், முடியாதுன்னு இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு வார்த்தை."

என்ன முடிந்திருக்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. அப்பத்தை எப்படி வெட்டுவது என்பது இல்லை. அது அவர் பாடு.

இதை முதலில் தனிச் செய்தியாக அனுப்புங்கள். 80 பேர் பார்க்க ஒருவரைக் கேட்டால் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அப்படி வாங்கிய 'சரி' சனி இரவு காய்ச்சலாகத் திரும்பும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல (மத்தேயு 5:37) இடம் கொடுப்பது கேட்கிறவரின் கடமை. அவர் சம்மதித்த பிறகு குழுவில் பெயரோடு அறிவித்தால், சாவிக்காரரும் பொருளாளரும் தெரிந்துகொள்வார்கள்.

மற்ற வசதிகளில், வாக்கெடுப்பு நல்லது. 12 தெரிவுகள் வரை வைக்கலாம், யார் எந்த நாளைத் தேர்ந்தார்கள் என்றும் தெரியும். ஆனால் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும், அதனால் முடிவான பட்டியலைத் தனியாக எழுதிப் போடுங்கள். நாள் பிரிக்க மட்டுமே இது; தலைமை தாங்க ஆள் தேட இதை வைத்தால் முந்திக் கை தூக்கியவர் வருவார். அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிப்புக்கு ஆள் தெரிந்தபோது தேடியது நற்சாட்சியையும் ஞானத்தையும். குழுவின் உச்சியில் பின் (pin) செய்து வைத்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். திருத்தம் 15 நிமிடத்துக்குள் செய்யலாம்; அதற்குப் பிறகு நேரம் மாறினால், பழைய செய்தியை மேற்கோள் காட்டிப் புதிதாக எழுதுவதே வழி. மறையும் செய்திகளை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கட்டளையே காணாமல் போகும். நாலு நிமிடக் குரல் பதிவு வேண்டவே வேண்டாம்: மணி எத்தனை என்று பார்க்க முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும். ஆபகூக் தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்டது, ஓடுகிறவனும் வாசிக்கும்படி எழுது என்பது.

எல்லாக் கேள்வியும் போதகருக்கே போகிற குழு, காலை முதல் மாலை வரை ஜனங்கள் மோசேயிடம் காத்து நின்றதை மாமனார் எத்திரோ கண்டித்தாரே, அந்த வரிசைதான். 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சேர்க்க வேண்டியதில்லை. பெரிய குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதட்டும். பத்துப் பத்துப் பேராகச் சிறு குழுக்கள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். சிறிய காரியத்தை அவர்களே தீர்க்கட்டும் என்கிறது யாத்திராகமம் 18:22. எது சிறியது என்பதை எழுதி வையுங்கள்: ஆள் மாற்றிக்கொள்வது பொறுப்பாளர் கையில், ஆராதனை நேரத்தை மாற்றுவது போதகர் கையில்.

சாதாரணச் செய்தியில் 'வேலை முடிந்தது' என்று குறிக்க வழியில்லை. மாற்கு 6:30-ல் சீஷர்கள் திரும்பி வந்து செய்ததையெல்லாம் அறிவித்தார்கள். இங்கே ஒரு படமும் 'முடிந்தது' என்ற சொல்லும் கேட்டு வாங்குங்கள். நன்றியைக் குழுவில் சொல்லலாம். தவறினதை மத்தேயு 18:15-ன்படி தனியே பேச வேண்டும், அதையும் தட்டச்சு செய்யாமல் போனில்.

ஒரே அணியாக இருக்கும் சிறு சபைக்கு இந்தச் செயலி தாராளம். பாடகர், ஞாயிறு பள்ளி, ஒலி, உபசரிப்பு என்று ஒரே ஆள் இரண்டு அணிகளில் வரத் தொடங்கினால், யார், எது, எப்போது, முடிந்ததா என நாலு நெடுவரிசை கொண்ட ஒரு பொதுப் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் வைத்து, குழுவில் அதன் இணைப்பை மட்டும் போடுங்கள்.