வடசென்னை மொட்டைமாடியில் சித்திரை, வைகாசிப் பூக்கள்: எது எதோடு ஒத்துப்போகிறது

பங்குனி பிறந்தால் போதும், "மாடித்தோட்டம் ஆரம்பிக்கப்போறேன், இந்த வெயில்ல எந்தப் பூ நிக்கும், எதை எது பக்கத்துல வைக்கலாம்" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மாடியில் பல கோடைகளாகச் செடி வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நர்சரியில் நிற்கும்போது நிறம் பார்த்து ஜோடி சேர்க்கத்தான் கை போகும். ஆனால் மாடிக்கு வந்தபிறகு அந்த ஜோடி அக்னி நட்சத்திரத்தைத் தாண்டுமா என்பதை இரண்டுக்கும் ஒரே அளவு தாகம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது. தாகம் ஒத்துப்போனால் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்து நிலவரம் கொஞ்சம் தனி. போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம், கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் போர் போட்டவர்களுக்கு அந்த ருசி தெரியும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளால் இலை மேல் எப்போதும் ஒரு படலம் தூசி. சித்திரை, வைகாசியில் காலையிலிருந்து மேற்கே இருந்து அனல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், கடல் காற்று மதியம் வந்து சேர்ந்தால்தான் செடியும் மனுஷரும் மூச்சு விடுவது. என்றைக்கு அது தாமதமாக வருகிறதோ அன்றைக்குத் தொட்டி மண் சுட்டுவிடும். அதனால் உள்நாட்டு ஊர்க்காரர்கள் சொல்லும் பட்டியல் இங்கே பாதிதான் பலிக்கும்.

வெயில் வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் இதுதான் முதல் இடம். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி காகிதப்பூ, அதன் காலடியில் பாலைவன ரோஜா என்கிற அடீனியம், விளிம்புத் தொட்டிகளில் டேபிள் ரோஸ். மூன்றுமே தண்ணீருக்கு அவசரப்படாதவை. காகிதப்பூவை விற்ற நர்சரிக்காரர், "அக்கா, தினமும் ஊத்துனீங்கன்னா வெறும் இலையாதான் நிக்கும், இலை லேசா தொங்குனதும் ஊத்துங்க, அப்ப பாருங்க" என்றார். அப்படியேதான் நடக்கிறது. நாம் நிறம் என்று பார்ப்பது இதழே இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில்கள், உள்ளே வெள்ளையாகக் குழல் மாதிரி சின்னதாக இருப்பதுதான் உண்மையான பூ. செதில் சீக்கிரம் வாடாது என்பதால்தான் இந்தச் செடி வாரக்கணக்கில் நிறம் காட்டுகிறது. உதிர்ந்தது மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும், கோடை மழைக்கு முன்னால் வாரிவிட வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

டேபிள் ரோஸுக்கு எங்கள் தெருவில் பத்துமணிப்பூ என்றுதான் பேர். வெயில் ஏற ஏற விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும், மேகம் போட்டால் பாதிதான் திறக்கும். வேர் மேலாகவே ஓடுவதால் அகலமான, ஆழம் இல்லாத தொட்டி போதும், ஒரு காம்பைக் கிள்ளிச் செருகினால் பிடித்துக்கொள்ளும். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற மாதங்களில் மாடியில் பூத்தது இந்த வரிசை மட்டும்தான். அடீனியத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு: பால் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள், மழைக்காலத்தில் அடித்தண்டு அழுகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது படிக்கட்டுக்கு அடியில் இழுத்து வைத்த தொட்டி பிழைத்தது, வெளியே நின்றது அடியோடு கொழகொழத்துப் போனது.

அடுத்து மல்லி. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. நான் வைத்திருப்பது ராமநாதபுரத்து நாற்று, குண்டுமல்லி, கூடவே அடுக்கடுக்காய் இதழ் வைக்கும் மல்லி ரகமான அடுக்கு இருவாச்சி ஒன்று. மல்லி புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், அதனால் சித்திரைப் பூவுக்கான வேலை கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில் தொடங்குகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவது. சென்னையில் அப்போது வடகிழக்கு மழை ஊற்றிக்கொண்டிருக்கும், வெட்டின காயத்தில் தண்ணீர் நிற்க எனக்கு மனசு வராது, மழை ஓய்ந்து மார்கழியில் வெட்டுகிறேன், இலைகளையும் உருவிவிடுகிறேன். மாசியில் தளிர், பங்குனியில் மொட்டு, சித்திரையில் காலையில் கூடை எடுத்துக்கொண்டு போகலாம். முதல் அலை ஓய்ந்ததும் பூத்து முடிந்த நுனிகளைக் கிள்ளிவிட்டால் வைகாசியில் இன்னொரு அலை உண்டு.

மல்லிக்குத் துணையாக எதை வைப்பது என்பதில் பலதை மாற்றிப் பார்த்து, கடைசியில் நிலைத்தது நீலச் சங்குப்பூ. மல்லித் தொட்டிகளுக்கு மேற்கே ஒரு தட்டி கட்டி அதில் சங்குப்பூவை ஏற்றிவிட்டிருக்கிறேன். காலையிலிருந்து உச்சி வரை மல்லிக்கு முழு வெயில் கிடைக்கிறது, அதற்குமேல் தட்டியின் நிழல் சாய்கிறது. இரண்டுமே தினமும் தண்ணீர் கேட்பவை, ஒரே சுற்றில் ஊற்றிவிடலாம். சங்குப்பூ பயறு இனம், வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் செடி, தனியாக உரம் கேட்டு நிற்காது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் பொருத்தம் இருக்கிறது, ஆனால் பூக்கும் நேரம்தான் எனக்கு அதைவிடப் பிடித்தது: காலையில் நீலம், கருவண்டு வந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு ரீங்காரம் போடும், மாலையில் வெள்ளை. பச்சை நிழல்வலையை மட்டும் மல்லிக்கு மேல் கட்டாதீர்கள், இலை தளதளவென்று வரும், மொட்டு வராது.

பறிப்பதற்கும் நேரம் இருக்கிறது. கீழ் வீட்டு ஆயா பூ கட்டுகிறவர், பல வருஷமாக அதுதான் அவர் தொழில். "வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடு கண்ணு, வெயில் ஏறிச்சுன்னா வாசனை பூடும்" என்பார். விடிகிற நேரத்தில் மொட்டின் அடியில் ஒரு வெளிர் பச்சை இருக்கும், நுனி வெள்ளையாக உருண்டு, விரலால் அழுத்தினால் கல் மாதிரி இறுகியிருக்கும். அதுதான் இன்றைய மொட்டு. இன்னும் ஒல்லியாக, பச்சை கூடுதலாக இருப்பது நாளைக்கானது, தொடக்கூடாது. பறித்ததை ஈரத்துணியில் வைத்தால் இரவு சாப்பிடும் நேரத்துக்கு வீடு முழுக்க மணக்கும். மொட்டில் ஊதா நிறம் ஏறி, சின்ன ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்திவிட்டு, மாலையில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு லிட்டருக்கு 5 மில்லி கலந்து அடிக்கிறேன். சிவப்புச் சிலந்திக்கு மருந்தைவிட இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் நன்றாகக் கேட்கிறது, தூசியும் அதிலேயே போய்விடும்.

உரத்துக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பது ஒரு பாக்கியம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்து, மூன்று வாரம் கழித்து வடிகட்டின மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து மல்லிக்கும் செம்பருத்திக்கும் கொடுக்கிறேன். வெயில் வரிசைக்கு இதைக் கொடுப்பதில்லை, கொடுத்தால் காகிதப்பூ இலைக்குப் போய்விடும்.

இட்லிப்பூ பற்றிப் பலர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன், நர்சரியில் கொத்துக் கொத்தாக இருந்தது வீட்டுக்கு வந்து சில மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிடுகிறது என்று. வெட்சி என்றும் சொல்லும் இந்த இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், நம் போர் தண்ணீர் நேர் எதிர், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இதற்குக் கிடைத்த வழி ஏசி தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பு கிட்டத்தட்ட இல்லை, ஏசி அதிகம் ஓடும் மாதமும் இட்லிப்பூ பூக்கும் மாதமும் ஒன்றே. குழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பிடித்து இட்லிப்பூவுக்கு அதை மட்டும்தான் ஊற்றுகிறேன், இலை பச்சையாகி, சிவப்புக் கொத்து சித்திரை முழுக்க நிற்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். இந்த உப்பையும் தூசியையும் சட்டை செய்யாமல் பூப்பது நித்தியகல்யாணி. சுவர் விரிசலில் தானாக முளைத்ததுகூட வருஷம் முழுக்கப் பூக்கிறது. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் கிடைத்தது இந்தச் செடியிலிருந்துதான், அதற்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை. டேபிள் ரோஸ் தொட்டியில் நடுவே ஒன்று வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும், தண்ணீர் தேங்கினால் மட்டும் இரண்டுமே போய்விடும்.

ரங்கூன் மல்லியைத் தொட்டியில் வைக்கலாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. பழைய டிரம் அளவுக்காவது மண் வேண்டும், இல்லை தரையில் நட்டு மாடிப்படிக் கம்பியில் ஏற்ற வேண்டும். இரவில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, அடுத்து சிவப்பாகும், ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். இதன் வாசனை மல்லி வாசனையோடு கலந்தால் இரண்டுமே தெளிவாகத் தெரியாது, எதிர் மூலையில் இருக்கட்டும்.

நிழலுக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம், மதியத்துக்குமேல் வெயில் படாத இடம், அங்கே ஃபுட்பால் லில்லியும், இலை அழகுக்காக வளர்க்கும் கலேடியமும் ஒரே அகலத் தொட்டியில். இத்தனை வருஷத்தில் நான் சேர்த்த ஜோடிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இரண்டும் கிழங்கு, இரண்டும் குளிர் மாதங்களில் இலையை உதிர்த்துத் தூங்குகின்றன, அந்த மாதங்களில் தொட்டியைக் காயப்போட்டு ஓரமாகத் தள்ளிவிடலாம். வெயில் ஏறினதும் தண்ணீர் கொடுத்தால் கலேடியத்தின் சுருட்டின இலைகள் முதலில் வரும். அப்புறம் மே மாதத்தில், பெரும்பாலும் ஒரு கோடை மழை தட்டினதும், லில்லியின் தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு தடித்த விரல் மாதிரி எழும். தண்டில் செம்புள்ளிகள் இருக்கும், நுனியில் மொட்டுகள் அடங்கிய உறை. உறை பிரிந்து இரண்டொரு நாளில் எல்லாத் திசையிலும் சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டு ஒரு பந்து நிற்கும், இழை நுனியில் மஞ்சள் மகரந்தம், தொட்டால் விரலில் ஒட்டும். ஒரு வாரம், கூடினால் பத்து நாள், அதோடு அடுத்த வருஷம்தான். அந்த ஒரு வாரத்துக்கு இவ்வளவு இடமா என்று கேட்பவர்கள் உண்டு. கலேடியம் கூட இருப்பதால் மீதி மாதங்களிலும் அந்த மூலை வெறிச்சென்று ஆவதில்லை, வெள்ளையும் ரோஸும் கலந்த இலைகள் மழைக்காலம்வரை நிற்கின்றன. ரெயின் லில்லியையும் இதே தொட்டியில் வைக்கலாமா என்றால் வேண்டாம், அதற்கு வெயில் வேண்டும், தனியாக ஒரு தொட்டி கொடுங்கள், மழை பெய்த சில நாளில் மொத்தமாகப் பூக்கும்.

வாங்குவதற்கு மாதவரம், செங்குன்றம் பக்கம் நர்சரிகள் நிறைய இருக்கின்றன. மல்லியில் பூ இருப்பதைப் பார்த்து வாங்காமல் அடியில் எத்தனை கிளை பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். காகிதப்பூவை நிறம் உறுதியாகத் தெரிவதற்காகப் பூத்திருக்கும்போதே வாங்கலாம், தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டி உடையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃபுட்பால் லில்லி கிழங்கு மாசியிலேயே கேட்டு வைக்க வேண்டும், மே மாதம் பூவோடு விற்கும்போது விலையும் கூடுதல், இடம் மாற்றிய கோபத்தில் அடுத்த வருஷம் பூக்காமலும் போகலாம். கிழங்கின் கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டுவிட்டு, முளை தெரியும்வரை தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்.