நரம்பு ஊசியா, எலும்பு ஊசியா?

விபத்தில் ரத்தம் இழந்து வரும் குழந்தைக்குக் கையில் நரம்பு கிடைப்பது லேசில்லை. 10 கிலோ குழந்தைக்கு உடலில் மொத்தமே சுமார் 800 மில்லி ரத்தம்தான். கால் பங்கு போனாலே ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். நரம்பு நன்றாகத் தெரிந்தால் சரி, கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்புக்குள் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் முதல் வழி. வலி குறைவு, ஓரிரு நாள் வைத்திருக்கலாம். ஆனால் குத்திக் குத்தித் தேட நேரம் கிடையாது.

நரம்புக்குப் பதில் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் போடுவதுதான் எலும்பு ஊசி. அதை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக இறக்குவார்கள். எலும்பு சுற்றிப் பிடித்திருப்பதால் மஜ்ஜையில் உள்ள ரத்தக் குழாய்கள் ஒடுங்குவதில்லை. பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ரத்தம், சலைன், மருந்து எல்லாமே அதில் ஏற்றலாம். பார்க்கும் அம்மாவுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனாலும் நரம்பு கிடைக்காதபோது தயங்கவே கூடாது என்பேன். அந்தக் கால் முறிந்திருந்தால் மட்டும் வேறு எலும்பு. அப்புறம், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.