7.5% இட ஒதுக்கீடா, முதல் பட்டதாரிச் சலுகையா?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5% ஒதுக்கீடே லாபம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். நிபந்தனை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிப் படிப்பு. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய் வந்திருந்தால் பெரும்பாலும் சிக்கல்தான்.

குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சலுகைக்கு எந்தப் பள்ளி என்பது பொருட்டல்ல. ஆனால் கழிவது கல்விக் கட்டணத்தில் மட்டும். விடுதி, பேருந்து, சாப்பாடு நம் தலையில். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது. கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. இது தெரியாமல் முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்றிருந்தால் மனு திரும்பிவிடலாம். பிளஸ் 2 தேர்வு முடிந்ததுமே பெயரைச் சரிபாருங்கள்.