சரக்குத்தூள் பைக்கற்: பிள்ளைப்பெத்த வீட்டுக்குத் தோதா?

அம்மம்மா அம்மியடியில் இருந்த காலத்தில், பிள்ளைப்பெத்த தாயின் பத்தியக் கறிக்கு அரைக்கிற சரக்குக்குப் பைக்கற் தேவைப்படவில்லை. இப்போது 19 வயதுத் தாயும், விடிய வேலைக்கு ஓடுகிற அவளின் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைப்பக்கம் விற்கிற 100 கிராம் சரக்குத்தூள் அப்படியான வீடுகளுக்குத்தான் கைகொடுக்கிறது. கனடாப் பார்சலிலும் அதுதான் போகிறது.

வாங்கமுதல் லேபலைப் பாருங்கள். கூடுதலாகப் போட்டதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். மல்லி முதலில் வருவது சரி. அடுத்ததாக மிளகும் நற்சீரகமும் வரவேண்டும், பிறகு வேர்க்கொம்பும் (சுக்கு) மஞ்சளும். செத்தல் மிளகாய் முன்னுக்கு வந்தால் அது சரக்குத்தூள் இல்லை, நிறம் குறைந்த கறித்தூள். உள்ளி (பூண்டு) தூளில் இருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள், அதைப் பச்சையாகத்தான் போடவேண்டும்.

250 கிராம் மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி தூள், அதாவது 6, 7 கிராம். ஒரு பைக்கற் ஏறக்குறைய 15 கறிக்குக் காணும். தூளைக் கால் கப் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்படியே சட்டியில் கொட்டினால் கட்டிபட்டு மேலே மிதக்கும். ஒன்றரைக் கப் தண்ணீரில் சின்ன வெங்காயம் 6, உள்ளிப்பல் 10, கொஞ்சம் பழப்புளி, உப்பு போட்டு, உள்ளி அவியும்வரை கொதிக்கட்டும். பிறகுதான் கரைத்த சரக்கு. ஐந்து நிமிடத்தில் பச்சை மணம் போனதும் மீனைப் போட்டு, கரண்டி வைக்காமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். இறக்கியபின் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். தூளை முன்னுக்கே போட்டு நெடுநேரம் கொதிக்கவிடுவதுதான் வழக்கமான பிழை: மிளகின் மணம் பறந்துவிடும், கசப்பு மிஞ்சும். பிறகு தூளில் குறை சொல்லுவோம்.

சின்னக்கடை மீன்சந்தையில் பால்சுறா கிடைத்தால் அதற்கு இந்தத் தூள் நன்றாகப் பிடிக்கும். சுடுதண்ணீர் ஊற்றித் தோலைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். தனிச்சட்டி வைக்க நேரமில்லையென்றால் எல்லோருக்குமாகச் சரக்கில் காய்ச்சி, தாயின் பங்கை எடுத்தபின் மிச்சத்துக்கு மிளகாய்த்தூள் போட்டு இன்னொரு கொதி விடலாம்.

தூளோடு சேர்ந்து வருகிற பத்தியப் பேச்சுகள் எல்லாம் நல்லதில்லை. 'தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்' என்று பால் கொடுக்கிற தாயைத் தாகத்தோடு விடுவது பிழை. பதின்ம வயதில் அவளின் உடம்பும் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சோறும் மீனும் முட்டையும் கீரையும் வழக்கத்தைவிடக் கூடவே வேண்டும். கிளினிக்கில் தரும் திரிபோசாச் சத்துமாவை வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, தாய்க்குச் சரக்குக் காணும் என்று இருப்பதும் நடக்கிறது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. கல்சியத்தையும் அதே நேரத்தில் கொடுக்கவேண்டாம்.

எங்கள் தெரிவு அரைத்த தூள் இல்லை, முழுச்சரக்காகக் கட்டித் தருகிற பைக்கற். மிளகு சொத்தையா, மல்லி பூச்சி பிடித்ததா என்று கண்ணால் பார்க்கலாம். வெயிலில் காயவிட்டு, வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டு, ஒரு கிழமைக்குக் காணுமளவு வீட்டுக் கிரைண்டரில் அரையுங்கள். மில்லுக்குக் கொண்டுபோனால், உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் மிளகாய்த்தூளும் சேர்ந்து வீட்டுக்கு வரும்.